14 மாதம் ஓட்டிய மடக்கு வீல்சேர்: ஃபிரேம் நல்லது, பிரேக்கை நம்பும் முன் டயரைத் தொட்டுப் பாருங்கள்

இந்த வீல்சேர் என்னிடம் வந்து 14 மாதம் ஆகிறது. எனக்கு இது மூன்றாவது. பெட்டியைப் பிரித்த அன்றே எழுதப்பட்ட விமர்சனங்களை நம்பி இரண்டாவது நாற்காலியை வாங்கி ஏமாந்தவள் நான். அதனால் இந்த முறை ஒரு வருடமாவது முழுதாக உட்கார்ந்து, தள்ளி, கழற்றி, மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவது என்று இருந்தேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் நான் எழுதுவது உங்களுக்குப் பொருந்துமா என்று உங்களால் முடிவு செய்ய முடியும். தண்டுவடத்தில் அடிபட்டதால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் அசைவும் இல்லை. கைகள் இரண்டும் நன்றாக இருக்கின்றன. வீட்டுக்குள்ளும் சமதளத்திலும் நானே தள்ளிக்கொண்டு போவேன், படி, மேடு, நீண்ட சரிவு என்றால் தம்பி பின்னால் இருப்பான். காலையில் ஏறி உட்கார்ந்தால் பெரும்பாலும் இரவுதான் இறங்குவேன், அதாவது ஒரு நாளில் 11, 12 மணி நேரம். எடை 58 கிலோ.

கம்பெனி பெயரை எழுதவில்லை. ஒரே அச்சில் வார்த்த மாதிரி இதே நாற்காலி பல பெயர்களில் விற்கிறது, ஸ்டிக்கர் மட்டும்தான் வேறு. அலுமினிய ஃபிரேம், நடுவில் மடங்கும், பின் சக்கரம் 24 அங்குலம், முன் சக்கரம் 6 அங்குலம், மொத்த எடை 14 கிலோ, 100 கிலோ வரை தாங்கும் என்று போட்டிருக்கிறார்கள். கைதாங்கி பின்னால் மடங்கும், கால்மிதி பக்கவாட்டில் சுழன்று கழன்று வரும், பின் சக்கரத்தை நடுவில் உள்ள பொத்தானை அழுத்தி உருவி எடுக்கலாம். இந்த விவரங்கள் ஒத்துப்போகிற எந்த நாற்காலிக்கும் நான் சொல்வதில் முக்கால்வாசி பொருந்தும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது எடையோ நிறமோ இல்லை. இரண்டு ஸ்பானர், ஒரு அலன் கீ செட், ஒரு சைக்கிள் பம்ப், இவ்வளவு இருந்தால் இந்த நாற்காலியின் எல்லாப் பாகங்களையும் வீட்டிலேயே கழற்றி மாட்டலாம். டியூப், டயர், ஸ்போக்ஸ் கம்பி, எல்லாம் சைக்கிள் வேலை தெரிந்த எவரும் கை வைக்கக்கூடிய அளவுகளில் இருக்கின்றன. முந்தைய நாற்காலியில் பிரேக்கை ரிவெட் அடித்து ஒட்டியிருந்தார்கள், தேய்ந்தபோது ஒன்றும் செய்ய முடியவில்லை, எட்டு மாதத்தில் மூலைக்குப் போய்விட்டது. கை சக்கர நாற்காலி என்பது வாங்கி வைத்தால் அப்படியே இருக்கும் கட்டில், பீரோ மாதிரிப் பொருள் கிடையாது, ஓடுகிற வண்டி. வாரம் பத்து நிமிடம் அதன் மேல் கை வைக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் நாமே சரிசெய்துகொள்ள இடம் கொடுக்கிற நாற்காலிதான் பாதுகாப்பான நாற்காலி, என்னைப் பொறுத்தவரை மற்றதெல்லாம் அப்புறம்.

முதலில் அளவு. என் முதல் நாற்காலி 18 அங்குல அகலம், யாரோ அன்போடு வாங்கிக் கொடுத்தது, அளவெடுக்க வேண்டும் என்பதே அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. என் இடுப்பு அகலம் 15 அங்குலம். மூன்று அங்குலம் கூடுதலாக இருந்தால் வசதியாகத்தானே இருக்கும் என்று தோன்றும். ஆனால் அந்த இடைவெளியில் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருந்தது, சக்கரத்தை எட்டுவதற்கு முழங்கையை வெளியே விரித்து விரித்துத் தோள்பட்டை வலி வந்தது. கால் வேலை செய்யாத எனக்குத் தோளும் போனால் என்ன மிச்சம் என்று பயந்துபோனது அப்போதுதான். இந்த நாற்காலி 16 அங்குலம். உட்கார்ந்த நிலையில் இடுப்பின் அகலமான இடத்தை அளந்து, அதோடு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள். இருக்கையின் ஆழம் முழங்காலின் பின்பக்கத்தைத் தொடக்கூடாது, இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். கால்மிதிக்கும் தரைக்கும் நடுவில் 5 சென்டிமீட்டராவது இருக்கட்டும், இல்லாவிட்டால் சின்ன மேட்டில்கூடத் தட்டும். கால்மிதி அளவுக்கு மேல் உயர்ந்துவிட்டால் முழங்கால் தூக்கிக்கொள்ளும், தொடை வாங்க வேண்டிய பாரமெல்லாம் உட்காரும் எலும்புகள் மேல் இறங்கும். அங்கேதான் புண் வரும்.

பின் சக்கரத்தின் அச்சு மாட்ட இதில் மூன்று துளைகள் இருக்கின்றன. வரும்போது கடைசி, அதாவது மிகப் பின்னால் உள்ள துளையில் மாட்டி வந்தது. அது நிலையாக நிற்கும், பின்னால் சாயாது, ஆனால் முன் சக்கரங்கள் மேல் பாரம் கூடி, தள்ளுவது கனமாக இருக்கும். ஆறு மாதம் பழகிய பிறகு ஒரு துளை முன்னே நகர்த்தினேன். தள்ளும்போது வித்தியாசம் கையில் உடனே தெரிந்தது, திரும்புவதும் சுலபமானது. அதே அளவுக்குப் பின்னால் சாய்கிற ஆபத்தும் கூடும் என்பதால், பெட்டியில் தனியாகப் பையில் போட்டு வந்த இரண்டு பின்தாங்கிச் சின்னச் சக்கரங்களை முதலில் மாட்டிவிட்டுத்தான் நகர்த்தினேன். புதிதாக உட்காருபவர்கள் தயவுசெய்து அந்தப் பையைத் தூக்கி அலமாரியில் போட்டுவிடாதீர்கள். அச்சை நகர்த்தினால் பிரேக்கையும் நகர்த்தி மறுபடி சரிபார்க்க வேண்டும், சக்கரம் நகர்ந்துவிட்டது, பிரேக் பழைய இடத்திலேயே நிற்கும். இதைக் கையேட்டில் ஒரு வரி எழுதியிருக்கலாம். கையேடு என்று வந்தது ஒரே ஒரு தாள், அதில் பாதிப் பக்கம் உத்தரவாத நிபந்தனைகள்.

உயரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எனக்கு பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தந்த வழி ஒன்று உண்டு. கையைப் பக்கவாட்டில் தளர்வாகத் தொங்கவிட்டால் விரல் நுனி சக்கரத்தின் நடு அச்சுக்குப் பக்கத்தில் வர வேண்டும், கைவளையத்தின் (பின் சக்கரத்தை ஒட்டி, கையால் பிடித்துத் தள்ளும் வளையம்) உச்சியைப் பிடித்தால் முழங்கை செங்கோணத்தை விடச் சற்று விரிந்து, 100 முதல் 120 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மெத்தையைப் போட்டுக்கொண்டுதான் இதைப் பார்க்க வேண்டும். நான் முதலில் மெத்தை இல்லாமல் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று நினைத்தேன், மூன்று அங்குல மெத்தை போட்டதும் கைதாங்கி தாழ்ந்துவிட்டது, கால்மிதியையும் மறுபடி உயர்த்த வேண்டியிருந்தது.

அடுத்தது பிரேக். இதைக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் நான் விழுந்தது இதனால்தான்.

வாங்கி நான்காவது மாதம், காலை நேரம், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறிக்கொண்டிருந்தேன். இரண்டு பிரேக்கும் போட்டிருந்தது, நெம்புகோல் முழுக்க முன்னால் தள்ளியிருந்ததைக் கண்ணால் பார்த்தேன். பாதி உடம்பு கட்டிலில், பாதி காற்றில் இருக்கும்போது நாற்காலி அப்படியே பக்கவாட்டில் நழுவி விலகியது. நான் நடுவில் தரையில் உட்கார்ந்தேன். மணிக்கட்டு சுளுக்கியது, இடுப்பில் உணர்ச்சி இல்லாததால் அங்கே ஏதாவது ஆகியிருக்கிறதா என்று தெரியாமல் படம் எடுத்துப் பார்க்கும் வரை அம்மா சாப்பிடவே இல்லை. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிரேக்கில் குறை ஒன்றும் இருக்கவில்லை. டயரில் காற்று இறங்கியிருந்தது. இந்த வகை நாற்காலியில் பிரேக் என்பது ஒரு சின்ன உலோகக் கட்டை டயரை வெளியிலிருந்து அழுத்திப் பிடிப்பது, அவ்வளவுதான். டயர் கெட்டியாக இருந்தால்தான் அது கடிக்கும். காற்று குறைந்தால் டயர் உள்வாங்கிக்கொள்ளும், நெம்புகோல் வழக்கம்போல் டக்கென்று விழும், ஆனால் பிடிமானம் இருக்காது. கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. நெம்புகோலைப் பார்த்து பிரேக்கை நம்பக்கூடாது, சக்கரத்தை அசைத்துப் பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

அன்றிலிருந்து காலையில் பல் துலக்குவதற்கு முன்பே இரண்டு டயரையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன், பிரேக் போட்டு நாற்காலியை முன்னும் பின்னும் ஒரு தள்ளு தள்ளுவேன், சக்கரம் உருளவில்லை என்றால்தான் ஏறுவேன். தம்பியும் பழகிவிட்டான், “அக்கா, தள்ளிப் பாத்தியா?” என்று கேட்காமல் என்னைத் தூக்க மாட்டான். வாரம் ஒரு முறை அழுத்தமானி உள்ள பம்பால் காற்று அடிக்கிறோம். எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சாகியிருக்கும், என்னுடையதில் 65 பி.எஸ்.ஐ. இரண்டு டயரிலும் ஒரே அளவு இருக்க வேண்டும். ஒன்றில் குறைந்தால் நாற்காலி அந்தப் பக்கமாக இழுக்கும், அதைச் சரிக்கட்ட ஒரு கை அதிகமாக உழைக்கும். காற்று குறைந்த டயரோடு நாள் முழுக்கத் தள்ளுவது எவ்வளவு கனம் என்பது காற்று அடித்த பிறகுதான் தெரியும், நான் பல நாள் என் கைதான் பலவீனமாகிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

காற்று சரியாக இருந்தும் பிரேக் வழுக்கினால், பிரேக்கை ஃபிரேமோடு பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டையும் சற்றுத் தளர்த்தி, மொத்தப் பிரேக்கையும் சில மில்லிமீட்டர் டயரை நோக்கி நகர்த்தி இறுக்கினால் போதும். விடுவித்த நிலையில் கட்டை டயரைத் தொடாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓடும்போது இந்தப் பிரேக்கைப் போடவே போடாதீர்கள். இது நிறுத்தி வைப்பதற்கு மட்டுமே, ஓட்டத்தில் போட்டால் ஒரு சக்கரம் மட்டும் சட்டென்று நின்று நாற்காலி சுழலும், இல்லையென்றால் நாம் முன்னால் போய் விழுவோம். மழையில் நனைந்த டயரிலும் பிடிமானம் குறையும், ஈரத்தைத் துடைத்துவிட்டு மாறுங்கள்.

காற்று அடிக்க ஆள் இல்லை, பம்ப் பிடிக்கக் கையில் வலு இல்லை என்றால் இதே மாடலில் காற்றில்லாத கெட்டி ரப்பர் டயரும் வருகிறது, அதை எடுங்கள். சற்றுக் கனம், குண்டும் குழியுமான தரையில் அதிர்ச்சி நேராக உடம்புக்கு வரும். ஆனால் பஞ்சர் ஆகாது, பிரேக்கும் ஒரே மாதிரி பிடிக்கும். தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

கட்டிலுக்கு மாறுவதைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நாற்காலியைக் கட்டிலுக்குச் சற்றுச் சாய்வாக, 30 முதல் 45 டிகிரி அளவில் ஒட்டி நிறுத்தி, கடைசியில் சற்றுப் பின்னால் உருட்டுங்கள். அப்போது முன் சின்னச் சக்கரங்கள் முன்பக்கமாகச் சுழன்று நிற்கும், நாற்காலியின் அடித்தளம் நீளும், முன்னால் சாய்ந்தாலும் கவிழ்வது குறையும். அப்புறம் பிரேக், அப்புறம் கால்மிதியை ஒதுக்குவது. கால்மிதி மேல் நின்றுகொண்டு எழுந்திருக்க முயல்வது முழு நாற்காலியையும் தலைகுப்புறத் தூக்கிவிடும், நிற்கக்கூடிய வலு உள்ளவர்கள் அதிகம் செய்கிற தவறு இது. பின் கைப்பிடியில் பை மாட்டும் பழக்கமும் ஆபத்துதான். நாம் உட்கார்ந்திருக்கும்போதே பின்னால் சாய்கிற ஆபத்து கூடும், நாம் இறங்கிய நொடியில் பையின் கனம் நாற்காலியைப் பின்னால் சாய்த்துவிடும். நான் பையை இருக்கைக்கு அடியில் கட்டிக்கொள்கிறேன்.

இந்த நாற்காலியில் எனக்குள்ள பெரிய மனக்குறை இருக்கைதான். கூடவே ஒரு மெத்தை வரும், ஒரு அங்குலப் பஞ்சு, அதன் மேல் ரெக்சின். அதை மெத்தை என்று சொல்லி விற்பதே தவறு. நாள் முழுக்க உட்காருபவர் அதில் உட்காரக்கூடாது. உணர்ச்சி இருப்பவர்கள் தெரியாமலேயே அடிக்கடி அசைந்துகொள்வார்கள், எங்களுக்கு அந்த எச்சரிக்கை வராது, தோல் சிவந்து, கன்றி, உள்ளுக்குள் சதை அழுகிய பிறகுதான் தெரியும். அழுத்தப் புண் ஒரு முறை வந்தால் ஆற மாதக்கணக்காகும், அந்த மாதங்கள் முழுக்கக் குப்புறப் படுத்துக் கிடக்க வேண்டும், நான் கிடந்திருக்கிறேன்.

எந்த மெத்தையானாலும் ஒரு சோதனை செய்யுங்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது யாரையாவது உள்ளங்கை மேலே பார்க்க மெத்தைக்கும் உங்கள் உட்காரும் எலும்புக்கும் நடுவில் கையை விடச் சொல்லுங்கள். எலும்பு மெத்தையைத் தாண்டி அடித்தளத்தையே தொடுகிறது என்றால் அந்த மெத்தை முடிந்துபோனது. நான் காற்று மெத்தை வைத்திருக்கிறேன், அதில் எலும்புக்கும் அடிக்கும் நடுவில் ஓர் அங்குலத்துக்குள் காற்று இருக்கிற மாதிரி அளந்து வைப்போம். கெட்டியாக ஊதி வைத்தால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி ஊதினால் உடம்பு அதற்குள் அமிழாது, பலகையில் உட்கார்ந்த மாதிரிதான். மெத்தை எவ்வளவு நல்லதானாலும் 15, 20 நிமிடத்துக்கு ஒரு முறை பாரத்தை எடுக்க வேண்டும். கைதாங்கியை ஊன்றி உடம்பைத் தூக்குவது தோளுக்குக் கேடு, தேவையான நேரம் வரை அப்படியே நிற்கவும் முடியாது. முன்னால் குனிந்து மார்பைத் தொடை பக்கம் கொண்டுபோய், அல்லது ஒரு பக்கம் சாய்ந்து, அப்புறம் மறு பக்கம் சாய்ந்து, ஒரு இரண்டு நிமிடம் இருந்தால்தான் அந்த இடத்துக்கு ரத்தம் திரும்பும். கைபேசியில் மணி வைத்துக்கொண்டிருக்கிறேன். இரவில் கண்ணாடி வைத்துத் தோலைப் பார்ப்பது எங்கள் வீட்டில் கதவு பூட்டுவதைப் போல ஒரு வேலை.

இருக்கைத் துணி எட்டாம் மாதமே நடுவில் தொய்ந்துவிட்டது. தொய்ந்தால் ஊஞ்சல் மாதிரி ஆகி, இரண்டு தொடையும் உள்ளே சரியும், இடுப்பு ஒரு பக்கம் இறங்கும். மெத்தைக்கு அடியில் அளவாக ஒரு மரப்பலகை வெட்டிப் போட்டோம், விளிம்பை நன்றாக இழைத்துவிட்டு. நாற்காலியை மடக்கும்போது எடுக்க வேண்டியிருக்கிறது, பரவாயில்லை. முதுகுத் துணியில் இழுத்துக் கட்டும் பட்டைகள் இருப்பது நல்லது, அதே பட்டைகளை இருக்கைக்கும் கொடுத்திருந்தால் இந்தப் பலகை தேவைப்பட்டிருக்காது.

முன் சக்கரங்களுக்கு வருவோம். 6 அங்குலம், கெட்டி ரப்பர். வழவழப்பான தரையில் அருமையாகத் திரும்பும், வெளியே போனால் ஒவ்வொரு பிளவையும் பார்த்துப் போக வேண்டும். தண்டவாளம், வடிகால் மூடிக் கம்பி, லிஃப்ட் வாசல் இடைவெளி, எதுவானாலும் நேராக, செங்குத்தாகக் கடந்தால் தப்பிக்கலாம், சாய்வாகப் போனால் சின்னச் சக்கரம் திரும்பி உள்ளே விழுந்து நாற்காலி அங்கேயே நிற்கும், உடம்பு மட்டும் முன்னால் போகும். லிஃப்டுக்குள் நான் எப்போதும் பின்பக்கமாகத்தான் நுழைவேன், பெரிய சக்கரம் இடைவெளியைச் சாதாரணமாகத் தாண்டிவிடும்.

இந்தச் சக்கர அச்சுகளில் முடியும் நூலும் சுற்றிக்கொள்வதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். வீட்டில் நீள முடி உள்ள மூன்று பேர் இருக்கிறோம், மாதம் ஒரு முறை பிளேடால் வெட்டி, இடுக்கியால் இழுத்து எடுக்கிறோம். எடுக்காவிட்டால் சக்கரம் சுழல்வது கடினமாகும், பேரிங்குக்குள்ளும் போய்விடும். இங்கே நான் செய்த தவறு ஒன்று. முன் சக்கரம் கிறீச் என்று சத்தம் போட்டது, துரு நீக்கும் ஸ்பிரேயை அடித்தேன். இரண்டு நாள் சத்தம் இல்லை, அப்புறம் முன்பைவிட மோசமானது. மூடிய பேரிங்குக்குள் ஏற்கெனவே கிரீஸ் வைத்து அடைத்திருப்பார்கள், அந்த மெல்லிய எண்ணெய் கிரீஸைக் கரைத்து வெளியே எடுத்துவிடும், தூசியையும் ஒட்டவைக்கும். சத்தம் போடும் மூடிய பேரிங்கை மாற்றத்தான் வேண்டும், அளவு அதன் விளிம்பிலேயே எண்ணாகப் பொறித்திருக்கும். எண்ணெய் போடலாம் என்றால் மடங்கும் மூட்டுகளுக்கு ஒரு சொட்டு, உருவி எடுக்கும் அச்சைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு. பிரேக் கட்டையிலோ டயரிலோ எண்ணெய் படவே கூடாது.

நாற்காலி ஓடும்போது முன் சக்கரம் படபடவென்று ஆடினால் அதைத் தாங்கும் கவையின் நட்டு தளர்ந்திருக்கலாம், அல்லது சக்கரம் தேய்ந்திருக்கலாம். எனக்குப் பத்தாம் மாதம் வந்தது, நட்டைக் கால் சுற்று இறுக்கியதும் நின்றது. சுழல்வதற்குத் தடையாகும் அளவுக்கு இறுக்கிவிடாதீர்கள்.

இனி, பின்னால் நின்று தள்ளுபவர்களுக்கு. எங்கள் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் உதவி செய்வதாக நினைத்து இரண்டு கைதாங்கியையும் பிடித்து என்னோடு சேர்த்து நாற்காலியைத் தூக்கினார். மடங்கும் கைதாங்கி மடங்கத்தானே செய்யும். நல்லவேளை தம்பி பின்னால் பிடித்திருந்தான். கழலும், மடங்கும் எதையும் பிடித்துத் தூக்கக்கூடாது. கைதாங்கி, கால்மிதி, சக்கரம் மூன்றையும் விட்டுவிட்டு, ஃபிரேமோடு பற்றவைத்துச் சேர்ந்த குழாயைத்தான் பிடிக்க வேண்டும். பின் கைப்பிடியின் ரப்பர் உறையையும் முறுக்கிப் பாருங்கள். என்னுடையதில் இடது உறை இரண்டாம் மாதமே கையோடு சுழல ஆரம்பித்தது, சரிவில் இறங்கும்போது அது உருவி வந்திருந்தால் என்னைப் பிடிக்க ஒன்றுமே இருந்திருக்காது. கழற்றிப் பசை வைத்து ஒட்டினோம். தயாரித்தவர்கள் இதைப் பொறுப்பாகச் செய்திருக்க வேண்டும், எனக்கு இன்னும் கோபம்தான்.

படி மேட்டில் ஏற்றும்போது பின்னால் கீழே நீட்டியிருக்கும் குழாயைக் காலால் மிதித்துக்கொண்டே கைப்பிடியைக் கீழே அழுத்தினால் முன்பக்கம் தூக்கும், முன் சக்கரத்தை மேலே வைத்துவிட்டு, பெரிய சக்கரம் மேட்டை முட்டியதும் தொடையால் தள்ளி ஏற்றுங்கள், முதுகால் தூக்காதீர்கள். பின்தாங்கிச் சக்கரம் மாட்டியிருந்தால் அதை முதலில் மேலே திருப்பிவிட வேண்டும், இறக்கிவிட்டதும் மறக்காமல் கீழே திருப்ப வேண்டும். இறங்கும்போது நாற்காலியைத் திருப்பி, பெரிய சக்கரம் முதலில் மெதுவாக இறங்கட்டும். செங்குத்தான சரிவிலும் அப்படியே, தள்ளுபவர் கீழே, நாற்காலி பின்பக்கமாக. ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் உள்ள சரிவு என்றால் நல்ல கை வலு உள்ளவர் தானே ஏறலாம். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் நான் ஆள் கூப்பிடுவேன். எல்லாவற்றுக்கும் முன்னால், கைப்பிடியில் கை வைப்பதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் கைவளையத்தில் விரல் வைத்திருக்கும்போது சொல்லாமல் தள்ளினால் போவது என் விரல்தான்.

கைவளையத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூச்சு பூசிய அலுமினியம், ஆறு மாதத்தில் பூச்சு இரண்டு இடத்தில் பெயர்ந்து கட்டைவிரலைக் கீறியது. உப்புத்தாள் தேய்த்து வழவழப்பாக்கினேன். சரிவில் இறங்கும்போது வளையத்தை உள்ளங்கையால் உரசிக்கொண்டே வேகத்தைக் கட்டுப்படுத்துவதால் கை சுடும், அதற்கு அரைவிரல் தோல் கையுறை நல்லது. தள்ளும்போது குட்டிக் குட்டியாக வேகமாகத் தள்ளாமல், பின்னாலிருந்து பிடித்து முன்னால் வரை நீளமாக ஒரே தள்ளு தள்ளி, கையைத் தளர்வாக வளையத்துக்குக் கீழே தொங்கவிட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். இப்படிப் பழகிய பிறகு என் தோள் வலி பாதியாகக் குறைந்தது.

ஃபிரேமைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. இருக்கைக்குக் கீழே எக்ஸ் வடிவில் குறுக்கே போகும் இரண்டு குழாய்கள்தான் இதை மடக்க வைக்கின்றன. சுரங்க விபத்தில் முதுகெலும்பு முறிந்த ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்பவரும் அவருடைய பொறியாளர் நண்பர் ஹாரி ஜென்னிங்ஸும் 1930களில் கொண்டுவந்த வடிவம் இது, காருக்குள் வைத்து எடுத்துப்போக வேண்டும் என்பதுதான் அவர்களுடைய தேவை. இன்றும் நான் காரில் ஏறியதும் தம்பி அதே மாதிரிதான் மடக்கி வைக்கிறான். மடக்க இருக்கையின் நடுவில் பிடித்து மேலே தூக்க வேண்டும். விரிக்கும்போது இருக்கையின் இரண்டு ஓரக் குழாயையும் உள்ளங்கையால் அழுத்துங்கள், விரல்களை உள்பக்கம் பார்த்து வையுங்கள், குழாயைச் சுற்றிப் பிடித்தால் இரண்டு உலோகத்துக்கு நடுவில் விரல் நசுங்கும். அந்த எக்ஸ் நடுவில் உள்ள போல்ட்டையும், பற்றவைத்த இடங்களையும் மாதம் ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள், மயிரிழை விரிசல் கண்டாலும் உட்காராதீர்கள். ஸ்போக்ஸ் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து அழுத்திப் பார்த்தால் எது தளர்ந்திருக்கிறது என்று கைக்கே தெரியும். ஒரு முறை மூன்று கம்பி தளர்ந்திருந்தது, சைக்கிள் வேலை தெரிந்தவர் கோட்டம் எடுத்துக் கொடுத்தார். உருவி எடுக்கும் சக்கரத்தை மாட்டியதும் நடுப் பொத்தான் முழுதாக வெளியே வந்திருக்கிறதா என்று பார்த்து, சக்கரத்தை வெளியே இழுத்தும் பாருங்கள். பாதி மாட்டிய சக்கரம் நிற்கும்போது விழாது, ஓடும்போதுதான் கழலும்.

கழுவக் குழாய் நீரைப் பீய்ச்சி அடிக்க வேண்டாம், ஈரத்துணி போதும், மழையில் நனைந்தால் அன்றே துடைத்துவிடுங்கள்.

வாங்கும்போது, சக்கர நாற்காலிகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 7176 சோதனையில் தேறியதா என்று கேளுங்கள். அதன் எட்டாம் பகுதியில் நாற்காலியைச் சுழலும் உருளைகள் மேல் 2,00,000 முறை ஓட்டி, பிறகு 6,666 முறை தரையில் போட்டு ஃபிரேம் தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். என்னுடையதற்கு அந்தச் சான்று இருக்கிறது. ஆனால் வாகனத்துக்குள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பயணம் செய்வதற்கான 19ஆம் பகுதிச் சான்று இல்லை, கட்டுவதற்கான நான்கு கொக்கி இடங்களும் ஃபிரேமில் இல்லை. அதனால் நான் வாகன இருக்கைக்கு மாறித்தான் போவேன். மாற முடியாதவர்கள், நாற்காலியோடு வேனில் ஏற வேண்டியவர்கள் இதை வாங்காதீர்கள். இடுப்பில் கட்டும் பட்டை சரியாக உட்கார உதவுவதற்குத்தான், விபத்தில் அது காக்காது. ஒரு பக்கக் கையும் காலும் கொண்டு தள்ளுபவர்களுக்கும் இது சரிப்படாது, இருக்கை உயரம், கால் தரையில் முழுதாகப் படாது.

என்னைப் போல இரண்டு கையாலும் தள்ளுபவர், நல்ல மெத்தைக்குத் தனியாக ஒதுக்க முடிந்தவர், வீட்டில் ஒரு ஸ்பானர் பிடிக்க ஆள் இருப்பவர் என்றால் தயங்காமல் எடுக்கலாம். நான் மறுபடி வாங்க நேர்ந்தாலும் இதையே வாங்குவேன், வந்த அன்றே கைப்பிடி உறையை ஒட்டி, அந்த ஒரு அங்குல மெத்தையைத் தூக்கி எறிந்துவிட்டு. இப்போது வலது முன் சக்கரத்தில் பேரிங் போய்விட்டது, நான் ஸ்பிரே அடித்ததுதான். புது பேரிங் வந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்ததும் மாற்ற வேண்டும், இடது பக்கத்துக்கும் சேர்த்தே வாங்கி வைத்திருக்கிறேன்.